கரை முதலில், உருவம் பிறகு

வீட்டுச் சுவருக்கு அலங்காரப் பலகை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள். முதலில் பலகை: அதன் வேலைப்பாடு, நிறம், விலை. சுவரில் ஏற்றி முடிக்கும் நேரத்தில், பலகையும் சுவரும் சேருமிடம் கோணலாகத் தெரியும்போதுதான் ஓரத்தைப் பற்றிய பேச்சு வரும். ‘பீடிங் ஓட்டிவிடலாம்’ என்பார் ஆசாரி. கடையில் கிடைக்கிற பட்டையில் ஒன்று வரும், குறை மறையும். ஓரம் என்றால் குறையை மறைக்கிற பொருள் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் சுவர்ப் பலகையையே தன் அடையாளமாகக் கொண்ட ஒரு தமிழ்த் தொழிலின் வரலாறு வேறு வரிசையைச் சொல்கிறது. கள்ளக்குறிச்சி மரச் செதுக்கலில் கரைதான் முதலில் தீர்மானிக்கப்பட வேண்டியது. உருவம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், பலகை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதெல்லாம் கரையைப் பொறுத்தவை. இன்னும் ஒரு படி மேலே போய், இந்தத் தொழில் தேரிலிருந்து வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்த கதை உருவங்களைவிட அவற்றின் ஓரங்களில்தான் தெளிவாகப் பதிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ல். அதற்கு முன் அது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 1993-க்கு முன் பழைய தென்னாற்காட்டில். மாவட்டப் பெயர் மாறிக்கொண்டிருந்தாலும் செதுக்கல் வேலை கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களை விட்டு நகரவில்லை. மதுரையில் அரச ஆதரவில் வளர்ந்த தச்சுக் கலை, அந்த ஆதரவு தேய்ந்தபோது குடும்பம் குடும்பமாக வெளியூர்களுக்குப் பெயர்ந்ததாகவும், அப்படி வந்தவர்கள் இங்கே தங்களுக்கென ஒரு பாணியை வளர்த்ததாகவும் இத்தொழிலின் வரலாறு சொல்லப்படுகிறது. மேற்கே கல்வராயன் மலை. 400 மீட்டர் உயரம் வரை முட்புதர்க் காடு, அதற்கு மேல் 800 மீட்டர் வரை இலையுதிர் காடு. அங்கிருந்து இறங்கும் கோமுகியும் மணிமுத்தாவும் கீழே வயலுக்கும் வரப்பு மரங்களுக்கும் நீர் தருகின்றன. மலைக்காட்டு மரம் சமவெளித் தச்சருக்குத் தாராளமாகக் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மலை மூன்று கவுண்டர்களின் ஜாகீராக 1976 வரை இருந்தது. அரசுக் காடுகளுக்கோ 1882-ன் சென்னை வனச் சட்டம் வேலி போட்டது. அதனால் வாகை, மா, அத்தி, வேம்பு, மாவிலங்கை என வரப்பிலும் ஆற்றங்கரையிலும் வளரும் நாட்டு மரங்கள் இத்தொழிலில் இடம் பிடித்தன. தேக்கைப் போல அடங்கிய குணம் இவை எல்லாவற்றுக்கும் கிடையாது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஓரத்தின் கதையைத் தேரில் தொடங்க வேண்டும். கோயில் தேர் என்பது மரத்தால் செய்து சக்கரத்தில் ஏற்றிய கோயில். கல் கோயிலின் அடித்தளத்தில் வரும் உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை, கபோதம் என்ற உறுப்புகளைத் தேரின் அடுக்குகளிலும் மரத்தில் காணலாம். ஒரு வேறுபாடு உண்டு: தேரின் அடிப்பகுதி மேலே போகப்போக வெளிப்புறம் விரிந்துகொண்டே செல்லும். பலகைகள் சற்றே முன்னால் சாய்ந்து, தெருவில் நிற்பவனைக் குனிந்து பார்ப்பதுபோல் அமையும். இந்த அமைப்பில் ஒவ்வொரு உருவப் பலகையும் இரண்டு கிடைப்பட்டைகளுக்கு நடுவே சொருகப்பட்ட ஒரு துண்டு. கீழே ஒரு பட்டை அதைத் தாங்கும். மேலே ஒரு பட்டை அதை அழுத்திப் பிடிக்கும். பக்கத்தில் அடுத்த பலகையோ ஒரு யாளியோ சிறு தூணோ நிற்கும். அந்தக் கிடைப்பட்டைகள் எந்த ஒரு பலகைக்கும் சொந்தமில்லை. ஒரு மூலையில் தொடங்கி அடுத்த மூலைவரை, கண்ணன் லீலையையும் பிட்சாடனரையும் ஒரே கோட்டில் கட்டிக்கொண்டு ஓடும். இலுப்பையும் தேக்கும் போன்ற உறுதியான மரங்கள் தேருக்குப் போனதற்குக் காரணம் இந்தச் சட்டக்கூடுதான். வடம் பிடித்து இழுக்கும்போது டன் கணக்கான எடை குலுங்கும். அந்தக் குலுக்கலைச் சட்டங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும், செதுக்கிய முகங்களுக்கு அது போய்ச் சேரக் கூடாது. ஆக, தேரில் ‘ஓரம்’ என்பது அலங்காரமும் கட்டுமானமும் ஒன்றாகக் கலந்த பொருள். அதைத் தனியே பிரித்துப் பெயர் சொல்ல வேண்டிய தேவை தேர் செய்தவருக்கு எழவில்லை.

இப்போது ஒரு பலகையைத் தேரிலிருந்து கழற்றிக்கொள்வோம். இது வெறும் கற்பனைப் பயிற்சியன்று. பழுதாகிப் பிரிக்கப்பட்ட தேர்களின் பலகைகள் 20-ஆம் நூற்றாண்டில் பெரிய எண்ணிக்கையில் விற்பனைக்குப் போயின. பாரிஸின் கீமே, லண்டனின் விக்டோரியா–ஆல்பர்ட் போன்ற அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. சுவரில் மாட்டிய அத்தகைய பலகைகள் பலவற்றைப் பார்க்கும்போது ஏதோ பாதியில் நின்றதுபோல் ஓர் உணர்வு வரும். உருவத்தின் முழங்கை ஓரம்வரை முட்டி நிற்கும். பக்கம் மொட்டையாக முடியும். மேலோ கீழோ ஒரு கழுந்து துருத்திக்கொண்டிருக்கும், அல்லது ஆணி இருந்த துளை தெரியும். செய்தவர் கை குறைந்ததால் வந்த குறை இல்லை இது. மீதி வேலையைத் தேர் செய்துகொண்டிருந்தது. தேர் இல்லாதபோது அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. இந்தியத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டு 1976-ல் நடைமுறைக்கு வந்தபின், நூறாண்டைக் கடந்த பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. அதே பத்தாண்டில், 1973-ல், பூம்புகார் என்று நாம் அறிந்த தமிழ்நாடு கைத்தொழில் வளர்ச்சிக் கழகம் உருவானது. பழையதன் மேல் வளர்ந்த ஆசைக்குப் புதியதைச் செய்து கொடுக்கும் சந்தைக்கு இந்த இரண்டும் வழிவிட்டன என்பது என் முடிவு. ஆனால் வீட்டுக்கும் விடுதி வரவேற்பறைக்கும் புதிதாகச் செய்யும் பலகை தேர்ப் பலகையின் நகலாக மட்டும் இருக்க முடியாது. தேரின் சட்டங்கள் பார்த்த வேலையை அது தன் உடம்புக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். கள்ளக்குறிச்சிப் பலகைகளில் நான்கு பக்கமும் ஓடும் பூக்கொடிக் கரையும், உட்புறம் எழும் திருவாசியும் அந்த இடத்தில்தான் பொருள் பெறுகின்றன.

என்ன வேலை அது? மரம் அறுபட்ட பிறகும் அசைகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். காற்றில் ஈரம் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. ரேகை ஓடும் நீளவாக்கில் அசைவு அனேகமாக இல்லை எனலாம். அகலவாக்கில்தான் எல்லாம் நடக்கிறது. அடங்கிய மரம் என்று பெயரெடுத்த தேக்கே பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. நன்கு காய்ந்த பலகையும் கோடைக்கும் அடைமழைக்கும் நடுவே ஓரடி அகலத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. போய்வரும். நாட்டு மரங்களில் இது கூடலாம். இரண்டு மூன்று பலகைகளை ஒட்டிச் செய்த அகலமான வேலை என்றால் அசைவும் அதற்கேற்ப. அந்தக் காலத்தில் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார்கள்; 1959-க்குப் பிறகு வெள்ளைப் பசை பரவியது. பசை எதுவானாலும் மரத்தின் அசைவை அது நிறுத்துவதில்லை, இரண்டு துண்டுகளையும் சேர்த்து அசைய வைக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பியத் தச்சர்கள் இதற்குக் கண்ட வழி சட்டமும் உள்பலகையும். நான்கு சட்டங்களில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் அதில் சொருகிவிட்டால், உள்ளே அது விருப்பம்போல் உப்பலாம், சுருங்கலாம். வெளியே சட்டம் அளவு மாறாது. 15, 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மாளிகைகளின் சுவர்ப் பலகைகள் முழுவதும் இந்த நுட்பத்தில் நிற்பவை. நம்மூர்ப் பலகைக் கதவின் தத்துவமும் இதுவே. தேரிலும் கிடைப்பட்டைகளுக்கு நடுவே சொருகப்பட்ட உருவப் பலகை அடிப்படையில் இதே சுதந்திரத்தை அனுபவித்தது.

தனிப் பலகையிலோ கரையையும் உருவத்தையும் ஒரே மரத்தில் செதுக்குகிறார்கள். காடி இல்லை, சுதந்திரம் இல்லை. அப்படியானால் கரை என்ன நன்மை செய்கிறது? இரண்டு. உருவத்தைச் சுற்றியுள்ள தளத்தைக் குடைந்து தாழ்த்தும்போது பலகை நடுவில் மெலிகிறது. ஓரத்தில் முழுக் கனத்தோடு விட்ட கரை, மெலிந்த நடுவை இறுக்கிப் பிடித்து வளையாமல் காக்கிறது. பனையோலை விசிறியின் விளிம்பைக் கட்டுவதுபோல என்று சொல்லலாம். இரண்டாவது, வெடிப்பு பெரும்பாலும் பலகையின் தலைமாட்டில், ரேகை முடியும் இடத்தில் தொடங்கும். அங்கேதான் ஈரம் வேகமாக வந்துபோகிறது. அந்த இடத்தில் ஒரு தெய்வத்தின் கிரீடமோ விரலோ இருந்தால் வெடிப்பு அதில் ஓடும். பூக்கொடி இருந்தால் இலைக்கும் இலைக்கும் நடுவே ஓடி மறைந்துவிடும். கரை என்பது மரம் தவறு செய்ய ஒதுக்கிய நிலம். இதை முன்கூட்டியே ஒதுக்கத்தான் முடியும். உருவம் ஓரம்வரை வந்துவிட்ட பிறகு எந்தப் பட்டையை ஒட்டினாலும் அது வெடிப்பை மூடலாம், தடுக்காது.

கரை முதலில் வருவதற்கு மரத்தின் குணம் மட்டும் காரணமில்லை, கணக்கும் காரணம். சிற்ப மரபில் உருவம் தாளமானத்தால் அளக்கப்படுகிறது. நவதாள உருவத்துக்கு உயரம் 108 கூறு, உத்தம தசதாளத்துக்கு 124. மொத்த உயரத்தை இத்தனை கூறாக்கி, அந்தக் கூறுதான் முகத்துக்கும் மார்புக்கும் விரலுக்கும் அளவு. அதாவது உருவத்துக்கென்று வெளியிலிருந்து கொண்டுவரும் அளவுகோல் கிடையாது. நிற்கக் கிடைத்த இடமே அளவுகோலைப் பிறப்பிக்கிறது. தச்சுமுழம் 33 அங்குலம், 24 விரல் என்பதெல்லாம் மரத்தை அளக்க. உருவத்தை அளப்பது அது நிற்கப்போகும் வெளி. 36 அங்குல உயரப் பலகையில் மேலும் கீழும் 3 அங்குலம் கரை விட்டால் உருவத்துக்கு 30 கிடைக்கும். நவதாளத்தில் முகம் 3.3 அங்குலம். கரையை 4 அங்குலமாக்கினால் முகம் 3.1-க்கு வந்துவிடும். ஏறக்குறைய கால் அங்குலம் போயிற்று. செதுக்கல் உளிக்குக் கால் அங்குலம் என்பது ஒரு மூக்கு. ஆகவே கரையின் அகலத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு உருவத்தைத் தொடங்க வழியே இல்லை. கோயிலிலும் இதே நடைமுறைதான். மூலவரின் உயரத்தைக் கருவறை வாசலின் உயரத்தோடு பொருத்தி நிர்ணயிக்கச் சிற்ப நூல்கள் விதி சொல்கின்றன. வீட்டிலும் அப்படியே. நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு நிலை வைக்கிறோம்; அந்த நேரத்தில் கதவு இருப்பதில்லை, அதைச் சுற்றிய சுவரும் முழுதாக எழும்பியிருப்பதில்லை. கதவுக்கு யாரும் நாள் பார்ப்பதில்லை. காஞ்சிபுரத் தறியில் கரைக்கும் உடலுக்கும் நிறம் வேறாக வரும் கோர்வைச் சேலையை நினைத்தாலும் போதும். கரை பாவு போடும்போதே முடிவாகிவிடுகிறது, பின்னால் தைப்பதில்லை. தமிழ்க் கைவேலையில் ஓரம் என்பது தொடக்கம் என்பதற்கு இவ்வளவு சான்று தேவையில்லைதான். ஆனாலும் நாம் மறந்துவிட்டோம் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு, சில வலுவானவை. தேர்ப் பலகைகளிலேயே கரை உண்டே, பிறகு இதில் புதிது என்ன என்று கேட்கலாம். உண்டு. சில பலகைகளில் சிறு தூண்கள் இருபுறமும் நின்று மேலே ஒரு வளைவைத் தாங்கும். பலவற்றில் கீழே தாமரைப் பீடமாவது இருக்கும். ஆனால் அவை உருவத்துக்கு ஒரு மாடம் கட்டித் தருகின்றன, பலகையை மூடுவதில்லை. நான்கு மூலையிலும் திரும்பி வந்து தன்னையே தொட்டுக்கொள்ளும் கரைக்குத் தேரில் வேலையில்லை, ஏனென்றால் மூலை என்பது அங்கே தேருக்குத்தான் உண்டு. தேரின் மூலைகளில் யாளியும் குதிரையும் பாய்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மூலையைத் திருப்புகிற பொறுப்பு அவற்றுடையது. வீட்டுப் பலகையில் அந்தப் பொறுப்பு ஒரு பூவிடமோ இலைக் கொத்திடமோ வந்து சேர்ந்தது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நாற்புறக் கரை தேரிலிருந்து வரவே இல்லை, படத்திலிருந்து வந்தது என்பது. 1894-ல் ரவி வர்மா பம்பாய் அருகே அச்சகம் தொடங்கியபின் தெய்வப் படங்கள் மலிவாக வீடுகளுக்கு வந்தன. பின்னாளில் சிவகாசி நாள்காட்டிகள் எஞ்சிய சுவர்களையும் நிரப்பின. அவற்றுக்குக் கண்ணாடி போட்டு மரச்சட்டம் மாட்டியதில்தான் நம் கண் ‘சட்டமிட்ட சாமி’க்குப் பழகியது. காலனிய அரசின் கலைப் பள்ளிகளும் கண்காட்சிகளும் செதுக்கிய பலகையை மேசை, திரை, சுவர் அலங்காரம் என்று வகை பிரித்தன. 1850-ல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியும், எட்கர் தர்ஸ்டன் 1903-ல் தென்னிந்திய மரச் செதுக்கல் பற்றி எழுதிய சிறுநூலும் அந்தப் பார்வையின் காலத்தவை. இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. வீட்டுச் சுவரில் செவ்வகமாகத் தெய்வம் இருக்கலாம் என்ற பழக்கத்தை அச்சுப் படம்தான் கொண்டுவந்தது. செதுக்கல்காரர் அதன்மேல்தான் கடை விரித்தார். ஆனால் அவர் செய்த கரையை உற்றுப் பார்த்தால் மீதிப் பாதி தெரியும். படச்சட்டம் தனிப்பட்ட பொருள், எந்தப் படத்துக்கும் எதையும் மாட்டலாம். நான்கு சட்டத்தையும் 45 டிகிரிச் சாய்வில் வெட்டி மூலை சேர்ப்பார்கள். செதுக்கிய கரையில் சாய்வெட்டு இல்லை, மூலையில் இணைப்பே இல்லை. கொடி அப்படியே வளைந்து திரும்புகிறது. அதற்குள்ளே இன்னொரு கரை, திருவாசி. இருபுறமும் மகரம் வாய் பிளக்க, நடு உச்சியில் சிம்ம முகம். உற்சவ மூர்த்திகளில் திருவாசி தனியாக வார்த்துப் பீடத்தில் சொருகப்படும். மரப் பலகையில் அது உருவத்தோடு ஒன்றாகவே எழுகிறது. ஆக, வெளிக் கரை அச்சுப்படத்தின் காலத்தைச் சேர்ந்தது, உள் கரை கோயிலின் காலத்தைச் சேர்ந்தது. ஒரே பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓரங்கள் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மறுப்பு என்று வந்தது வாதத்துக்குச் சாட்சியாக மாறிவிட்டது.

கரை வேலை எளியது, கற்றுக்கொள்ளும் பையன்களிடம் கொடுப்பது, அதற்குப் போய் இவ்வளவு பெருமையா என்றும் சொல்லலாம். செதுக்கல் பட்டறைகளில் பொதுவாகப் பயிற்சி பூவிலும் கொடியிலும்தான் தொடங்குகிறது, முகம் எடுக்கும் வேலை கடைசியில் வருகிறது, அது சரி. ஆனால் கொட்டாப்புளியை யார் பிடிக்கிறார் என்பது வேறு, கோடு யார் போடுகிறார் என்பது வேறு. கரையின் அகலம், ஆழம், கொடி எத்தனை வளைவில் மூலைக்கு வர வேண்டும் என்பதை மூத்தவர் பலகையில் வரைந்து கொடுத்தால்தான் இளையவர் உளியை வைக்க முடியும். வளைவின் கணக்கு பிசகினால் ஒரு மூலையில் முழு இலையும் எதிர் மூலையில் அரை இலையும் வந்து நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, கண் மட்டும் உறுத்தும்.

கள்ளக்குறிச்சி மரச் செதுக்கலுக்குப் புவிசார் குறியீடு 2021-ல் கிடைத்தது. பூம்புகார் விண்ணப்பித்தது 2013-ல். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர்ச் செதுக்கல் அதற்கு ஓராண்டு முன்பே பெற்றிருந்தது. இரண்டையும் பற்றிய செய்திகளில் தெய்வங்களும் பறவைகளும் மரங்களின் பெயர்களும் இடம்பெற்றன. கரையைப் பற்றிப் பேச்சில்லை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்குகிறவர் பிள்ளையாரைத்தான் கேட்கிறார், பிள்ளையாரைச் சுற்றிய கொடியைக் கேட்பதில்லை. ஆயினும் இயந்திரம் செதுக்கிய பலகை சந்தைக்கு வந்துவிட்ட நாளில், கைவேலையைக் கண்டுபிடிக்க நல்ல இடம் மூலைதான். கணினி வழி வெட்டும் இயந்திரம் ஒரு கால்பகுதியை வரைந்து மீதியைத் திருப்பிப் போட்டுவிடும். நான்கு மூலையும் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்கும். கை அப்படித் திரும்புவதில்லை.

கடைசி மறுப்பு இன்றைய வீட்டிலிருந்து வருவது. இப்போது சுவரில் ஏறுவது எம்டிஎஃப், பிவிசி, டபிள்யூபிசி. இவற்றுக்கு ரேகை இல்லை, வளையம் இல்லை, ஆகவே மரத்தை வைத்துச் சொன்ன நியாயம் இங்கே செல்லாது என்பார்கள். செல்லும், வேறு வழியில். பிவிசி ஈரத்துக்கு அசையாது, ஆனால் வெப்பத்துக்கு நீளும். 3 மீட்டர் நீளப் பட்டை 20 டிகிரி சூட்டு மாற்றத்தில் சுமார் 3 மி.மீ. நீண்டு குறுகும். மரம் அகலவாக்கில் செய்ததை இது நீளவாக்கில் செய்கிறது. அளவு அனேகமாக அதே 3 மி.மீ. என்பது வேடிக்கைதான். வெயில் நேரே அடிக்கும் மேற்குச் சுவரில் பட்டைகளை இடைவெளியில்லாமல் முட்டவிட்டு ஒட்டினால் நடுவில் புடைத்துக்கொண்டு வரும். எம்டிஎஃப்-க்கு நோய் வேறு; அறுத்த விளிம்பில் நீர் ஏறினால் பிஸ்கட் போல ஊதிவிடும், ஊதியது பழையபடி ஆகாது. தரையைத் துடைக்கும் ஈரம் ஏறும் கீழ் விளிம்பு அதன் உயிர்நிலை. எனவே கடைகளில் கிடைக்கும் யூ வடிவப் பட்டை, ஹெச் வடிவ இணைப்புப் பட்டை, மூலைக்கான எல் வடிவப் பட்டை ஆகியவற்றை அழகுக்கு முன் அசைவுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலகையின் கனத்துக்குப் பட்டையின் வாய் பொருந்துகிறதா, உள்ளே போய்வர இடம் விடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. யூ பட்டை என்பது நாம் மேலே பார்த்த காடிதான், அலுமினியத்தில் வந்திருக்கிறது. அதைப் பலகைக்கு முன் சுவரில் ஏற்றியாக வேண்டும். பலகை ஏறிய பிறகு யூ பட்டையை நுழைக்க வழி கிடையாது. பொருளே தன் வரிசையைச் சொல்லிவிடுகிறது, நாம்தான் கேட்பதில்லை. பிறகு ஒட்டக்கூடிய தட்டைப் பட்டை இருக்கிறதே என்றால், இருக்கிறது. அது மறைக்கும் வேலையை மட்டும் செய்யும்.

செதுக்கல் பலகை ஒன்றையும் இப்படிப்பட்ட புதிய பலகைகளையும் ஒரே சுவரில் வைக்க விரும்பும் வீடுகள் இப்போது பெருகிவருகின்றன. அங்கே பழைய வரிசையை அப்படியே பின்பற்றலாம். சுவரில் ஏற்கெனவே உள்ள ஓரங்கள்தான் தொடக்கம்: கீழே ஸ்கர்டிங், ஒரு பக்கம் வாசல் நிலை, மேலே கூரையின் கோடு, நடுவில் எங்காவது ஒரு சுவிட்ச் பெட்டி. நிலையின் மேல்சட்டம் நிற்கும் மட்டத்தில் ஒரு நூல் கட்டினால் பலகையின் தலைமட்டம் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். தேரின் கிடைப்பட்டை பலகைகளைத் தாண்டி ஓடியதுபோல, நிலையின் கோடு சுவர் முழுக்க ஓடும். செதுக்கிய பலகைக்குச் சொந்தக் கரை இருப்பதால் அதன்மேல் மீண்டும் ஒரு பீடிங் வேண்டாம். சுற்றிலும் விரல் அகலம் வெற்றுச் சுவரை விட்டு, அதற்கப்பால் புதிய பலகைகளின் பட்டை தொடங்கட்டும். அந்த வெற்றிடம் மரம் மூச்சுவிடுவதற்கு. பலகையைச் சுவரோடு பசை போட்டு ஒட்டவும் கூடாது. பின்னால் இரண்டு கட்டைகள் வைத்துத் தொங்கவிட்டால் ஐப்பசியில் உப்பியது சித்திரையில் தானாகவே திரும்பிவிடும். அளவெல்லாம் எடுத்து முடித்து, கரைக்கு எத்தனை விரல் என்று குறித்த பிறகு கள்ளக்குறிச்சிக்கோ சின்னசேலத்துக்கோ போய், மீதமுள்ள இடத்தில் யார் நிற்கப்போகிறார் என்று ஆசாரியிடம் பேசலாம்.